நோனிச் சாறு: பழத்தின் விலையா, மருந்தின் விலையா?

ஊரிழந்து வந்து குடியேறிய குடும்பங்களைத் தேடி வருவோர் பலர். கிராம உத்தியோகத்தர் வருவார். பங்குத் தந்தை வருவார். படிவங்களைத் தூக்கிக்கொண்டு நிறுவனங்கள் வரும். நட்டஈட்டுப் பணம் வங்கிப் புத்தகத்தில் ஏறிய செய்தி பரவியதும் இன்னுஞ் சிலர் வந்து சேருவார்கள். தவணைக்குச் சாமான் கொடுப்பவர் ஒருவர், சீட்டுப் பிடிப்பவர் ஒருவர், அவர்களுக்குப் பின்னால் தோளில் பையுடன் சத்துப்பானம் விற்கும் இளைஞர் ஒருவர். ஊவாவில் இத்தகைய குடும்பங்களுக்குக் குறைவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மலை சரிந்தபோது லயங்களை விட்டு வெளியேறியவர்கள், உமா ஓயாச் சுரங்கத்தினால் கிணறு வற்றிச் சுவர் வெடித்துப் பயிர்ச்செய்கையைக் கைவிட்டவர்கள், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் மழையில் வீடு வாசலை இழந்தவர்கள் என்று அந்தப் பட்டியல் நீளும்.

பானம் விற்பவரின் பேச்சு எங்கும் ஏறத்தாழ ஒரே மாதிரித்தான் இருக்கும்.

"அக்கா, ஆஸ்பத்திரி மருந்து உடம்புக்குச் சூடு. இது பழச்சாறு. ஒண்ணும் செய்யாது. நூத்தைம்பது சத்து இருக்கு இதுல. மூணு மாசம் குடிச்சிப் பாருங்க, சீனி எங்க போச்சின்னு நீங்களே கேப்பீங்க."

"வெல என்னா தம்பி?"

விலையைச் சொல்வதற்கு முன் தம்பி வேறு இரண்டு கதைகள் சொல்லுவார். எங்கோ ஒரு டிவிசனில் நடக்க முடியாமல் கிடந்த ஒரு பெரியவர் எழுந்து மலைக்கு வேலைக்குப் போன கதை அதில் ஒன்றாக இருக்கும்.

அந்தப் போத்தலில் பெரும்பாலும் இருப்பது நோனிச் சாறு. இது முப்பது வருடங்களாக அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விஞ்ஞானிகளும் வியாபாரிகளும் அரசாங்கங்களும் வாதாடிய ஒரு பொருள். அந்த வாதம் எங்கே போய் முடிந்தது என்பது நமது தோட்டங்களுக்கும் குடியேற்றங்களுக்கும் வந்து சேரவில்லை. போத்தல் மட்டும் வந்து சேர்ந்துவிட்டது.

வேலியோரத்து மரம்

நோனி என்பது ஹவாய்த் தீவு மக்கள் வழங்கும் பெயர். தாவரவியலார் இதனை மொரிண்டா சிற்றிபோலியா என்பர். சிங்களத்தில் இது 'அஹு'. தமிழில் நுணா, மஞ்சணத்தி, மஞ்சவண்ணா என்றெல்லாம் அழைக்கப்படும் மரங்களின் இனத்தைச் சேர்ந்தது. அவற்றுள் பெரிய காய் காய்க்கும் வெண்ணுணாதான் நோனி. ஆகவே, தூர தேசத்து அபூர்வ மூலிகை என்று சொல்லி யாராவது விற்றால், அது நமது உலர் பிரதேசத்து வேலிகளில் கேட்பாரற்று வளர்ந்த மரம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய காலத்தில் இந்த மரத்துக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அது பழத்துக்காக அல்ல. வேரையும் வேர்ப்பட்டையையும் அவித்து மஞ்சளும் சிவப்புமாகச் சாயம் எடுத்தார்கள். ஜாவாத் தீவின் பற்றிக் துணிகளுக்கும் இந்தச் சாயம் போயிற்று. நுணா மரம் பாரமில்லாதது என்பதால் மாட்டின் கழுத்துக்கு இதமாக நுகத்தடி செய்தார்கள். சித்த வைத்தியத்தில் நுணா இலைச்சாறு குழந்தைகளின் மாந்தத்துக்குக் கொடுக்கப்பட்டது. பழத்தையோ எவரும் விரும்பித் தேடவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. காய் ஓர் உருளைக்கிழங்கின் அளவில், மேலெல்லாம் கண் கண்ணாக இருக்கும். பழுத்ததும் வெளிறி, நொளுநொளுத்து, கிட்ட நிற்க முடியாத வாடை வீசும். கிடாய் ஆட்டின் வாடை என்றால் ஆடு வளர்த்தவர்களுக்கு உடனே விளங்கும். அது வெறும் உவமையும் அல்ல. ஆட்டைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பெயர் பெற்ற கொழுப்பமிலங்கள்தான் இந்தப் பழத்தின் வாடைக்கும் காரணம். பசிபிக் தீவுகளிலும் இதனைப் பெரும்பாலும் பஞ்ச காலத்தில்தான் உண்டார்கள்.

சாறு எடுக்கும் பழைய முறை எளிதானது. பழுத்த பழங்களை ஒரு பாத்திரத்தில் மூடி வைத்தால் அவை தாமாகவே நெகிழ்ந்து சாறு வடியும். இரண்டு மாதமளவில் புளிக்க விட்டு வடித்தெடுப்பார்கள். இன்று கடையில் விற்பதில் திராட்சைச் சாறு முதலியவற்றைக் கலந்து வாடையை மறைக்கிறார்கள்.

ஒரு பெயர், ஒரு நிறுவனம்

இந்தப் பஞ்சகாலப் பழம் போத்தலில் ஏறிய கதை 1985இல் தொடங்குகிறது. ரால்ப் ஹைனிக்கி என்ற உயிரிரசாயன விஞ்ஞானி ஹவாயில் அன்னாசியிலிருந்து கிடைக்கும் புரோமலைன் என்ற நொதியத்தைப் பற்றி ஆராய்ந்தவர். நோனியில் 'ஸெரொனின்' என்றொரு பொருளின் மூலக்கூறு இருப்பதாகவும், அது உடம்பின் புரதங்களைச் சீர்ப்படுத்தி எத்தனையோ நோய்களைத் தணிக்கும் என்றும் அவர் அவ்வருடம் ஒரு தாவரவியல் பூங்காவின் சஞ்சிகையில் எழுதினார். அதன் பின்னர் நாற்பது வருடங்கள் சென்றுவிட்டன. வேறெந்த ஆய்வுகூடமும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து, இதுதான் அதன் அமைப்பு என்று காட்டவில்லை. விளம்பரத் தாள்களிலோ அந்தப் பெயர் இன்னும் அச்சாகிக்கொண்டே இருக்கிறது.

1996இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் மொரிண்டா என்ற நிறுவனம் தாஹிட்டித் தீவு நோனிச் சாற்றை விற்கத் தொடங்கியது. அவர்கள் கடையில் வைத்து விற்கவில்லை. ஆளுக்கு ஆள் சேர்ந்து, சேர்ந்தவர் இன்னும் பலரைச் சேர்க்கும் வலைப்பின்னல் வழியாக விற்றார்கள். ஒரு லீற்றர் போத்தல் ஏறத்தாழ 40 டொலர். விற்பவர்கள் எல்லோரும் அதனைக் குடிப்பவர்களாகவும் இருந்ததால், ஒவ்வொருவரிடமும் சொல்ல ஒரு சாட்சியம் இருந்தது. சீனி வியாதி, மூட்டுவாதம், மனச்சோர்வு என்று தொடங்கிப் புற்றுநோய் வரை அந்தச் சாட்சியங்கள் நீண்டன.

1998இல் அரிசோனா, கலிபோர்னியா, நியூ ஜேர்சி, டெக்ஸாஸ் ஆகிய நான்கு மாநிலங்களின் சட்டமா அதிபர்கள் தலையிட்டார்கள். நிரூபிக்கப்படாத நோய் தீர்க்கும் உரிமைகோரல்களை இனிச் செய்வதில்லை என்று அந்த நிறுவனம் அவர்களுடன் உடன்பாடு செய்துகொண்டது. சாற்றை விற்கலாம், ஆனால் மருந்தென்று சொல்லி விற்கக்கூடாது என்பதே அதன் சாரம்.

ஐரோப்பாவில் நடந்தது நமக்கு இன்னும் பயனுள்ளது. அங்கே ஒரு புதிய உணவுப் பொருளை விற்க முன் அனுமதி பெறவேண்டும். நோனிச் சாற்றுக்கு அனுமதி கேட்டு நிறுவனம் விண்ணப்பித்தது. தன்னிடமுள்ள எல்லாத் தரவுகளையும் சமர்ப்பித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு விஞ்ஞானக் குழு 2002 டிசம்பரில் தன் முடிவைச் சொன்னது. நாளொன்றுக்கு 30 மில்லி லீற்றர் அளவில் குடிப்பதை ஏற்கலாம் என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு வசனத்தையும் சேர்த்தது. மற்றப் பழச்சாறுகளில் கிடைக்கும் நன்மைக்கு மேலாக இதில் விசேட நன்மை எதுவும் இருப்பதற்கு ஆதாரமில்லை என்பதே அந்த வசனம். 2003இல் அனுமதி கிடைத்தது. விற்பவர்கள் 'ஐரோப்பாவே அங்கீகரித்தது' என்று சொல்லும்போது அந்த வசனத்தை விட்டுவிடுகிறார்கள்.

ஆய்வே நடக்கவில்லையா என்று கேட்கலாம். நடந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த கலங்களிலும் எலிகளிலும் நோனி சில நல்ல விளைவுகளைக் காட்டியது உண்மை. ஆனால் கண்ணாடித் தட்டில் புற்றுநோய்க் கலத்தைக் கொல்வது பெரிய காரியமல்ல. டெற்றோலை ஊற்றினாலும் அது சாகும். மனிதரில் செய்யப்பட்ட ஆய்வுகள் சில. அவற்றுள் பல, விற்கும் நிறுவனத்தின் சம்பளத்திலிருந்த விஞ்ஞானிகளால் செய்யப்பட்டவை. அவ்வாறல்லாத ஒன்று ஹவாய்ப் பல்கலைக்கழகத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையத்தில் நடந்தது. முற்றிய புற்றுநோயாளருக்கு நோனிப் பழத்தூளைக் குளிகைகளில் அடைத்துக் கொடுத்துப் பார்த்தார்கள். சிலர் உடம்பு சற்று இலேசாக இருப்பதாகச் சொன்னார்கள். கட்டி எவருக்கும் கரையவில்லை.

இந்த 'இலேசாக இருக்கிறது' என்பதை நாம் பரிகசிக்கக்கூடாது. நோயில் கிடப்பவருக்கு ஆறுதல் ஒரு பெரிய பொருள். ஆனால் அது எதனால் வந்தது என்று பார்க்கவேண்டும். மூட்டுவலி தானாகவே கூடும், குறையும். கூடியிருக்கும்போதுதான் நாம் புது மருந்தைத் தேடுகிறோம். அதனால் அடுத்து வரும் குறைவு அந்த மருந்தின் கணக்கில் எழுதப்படுகிறது. பணம் கொடுத்து வாங்கியதென்றால் நம்பிக்கையும் கூடுகிறது. சீனிக்குச் சாறு குடிக்கத் தொடங்கியவர் அதோடு சோற்றையும் குறைத்து, இனிப்புத் தேநீரையும் விட்டிருப்பார். சீனி இறங்கும். பெயர் போத்தலுக்கு. 2020 டிசம்பரில் கேகாலையில் ஒருவர் கொரோனாவுக்குப் பாணி காய்ச்சிக் கொடுத்தபோது ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்றதை நாம் மறக்கவில்லை. அமைச்சர்களும் குடித்தார்கள். குடித்தவர்களுக்கும் நோய் வந்தது.

ஈரலும் சிறுநீரகமும்

'ஒண்ணும் செய்யாது' என்ற சொல்லுக்கு இப்போது வருவோம்.

2005இல் ஒஸ்திரியா நாட்டின் வைத்தியர்கள் நோனிச் சாறு குடித்த சிலருக்கு ஈரல் அழற்சி ஏற்பட்டதைப் பதிவு செய்தார்கள். அவர்களுள் ஓர் இளைஞருக்கு ஈரல் மாற்றுச் சத்திரசிகிச்சை செய்யவேண்டி வந்தது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அதிகார சபை இவற்றை ஆராய்ந்து, நோனிதான் காரணம் என்று நம்பத்தக்க சான்று இல்லை என 2006இல் அறிவித்தது. பின்னர் வந்த ஓர் அறிக்கையில், சிலருடைய உடம்பு இதனைத் தாங்காமல் இருக்கலாம் என்றும் குறிப்பிட்டது. இந்த விடயத்தில் வாதம் இரு பக்கமும் நிற்கிறது. ஈரல் நோய் உள்ளவர் ஒதுங்கியிருப்பதே புத்தி.

சிறுநீரகத்தில் அப்படி இழுபறி இல்லை. ஊவாவில் வாழும் நமக்கு முக்கியமானதும் இதுவே.

2000ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஒரு சிறுநீரக மருத்துவ சஞ்சிகையில் ஒரு நோயாளியின் விபரம் வெளியாயிற்று. நெடுநாள் சிறுநீரக நோய் உள்ள ஒரு மனிதர். அவர் இரத்தத்தில் பொட்டாசியம் ஏறியிருந்தது. பொட்டாசியம் குறைந்த உணவையே உண்பதாக அவர் சொன்னார், அதில் பொய்யும் இல்லை. தானாகவே வாங்கிக் குடித்துவந்த நோனிச் சாற்றைத்தான் அவர் உணவென்று எண்ணவில்லை. வைத்தியர்கள் அந்தச் சாற்றை அளந்து பார்த்தார்கள். ஒரு லீற்றரில் ஏறத்தாழ 2.2 கிராம் பொட்டாசியம் இருந்தது. தோடம்பழச் சாற்றிலும் தக்காளிச் சாற்றிலும் இருப்பதற்குச் சமமான அளவு அது.

பொட்டாசியம் நஞ்சல்ல. எல்லாப் பழத்திலும் கிழங்கிலும் இருக்கிறது, நல்ல உடம்புக்குத் தேவையானதும்கூட. மிஞ்சியதைச் சிறுநீரகம் கழித்துவிடும். சிறுநீரகம் பழுதானால் கழிக்க ஆளில்லை. அது இரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பின் ஒழுங்கைக் கெடுக்கிறது. வலி தராமல், முன்னறிவிப்பு இல்லாமல் இதயம் நின்றுவிடக்கூடும். நேர்மையாகக் கணக்குப் பார்ப்போமானால், போத்தல் மூடியால் அளந்து குடிக்கும் 30 மில்லி லீற்றரில் 70 மில்லி கிராமுக்கும் குறைவான பொட்டாசியமே உண்டு. அது பெரிதல்ல. ஆனால் வருத்தம் சீக்கிரம் தீரட்டும் என்று காலையும் மாலையும் ஒவ்வொரு கிளாஸ் குடிப்பவர் நம்மிடையே இல்லையா? ஒரு கிளாஸில், அதாவது 200 மில்லி லீற்றரில், 440 மில்லி கிராம் வரை வரும். பொட்டாசியத்தைக் குறைக்கும்படி சொல்லப்பட்ட சிறுநீரக நோயாளிக்கு நாள் முழுவதற்கும் ஏறத்தாழ 2 கிராம்தான் கணக்கு. இரண்டு கிளாஸ் சாற்றில் அதில் பாதியை நெருங்கிவிடுகிறது. இரத்த அழுத்தத்துக்கு எனலாப்ரில், லொசார்ட்டன் போன்ற குளிசைகள் எடுப்பவர்களுக்கு அந்தக் குளிசைகளே பொட்டாசியத்தைச் சற்று உயர்த்தும். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து கூடும்.

பதுளை மாவட்டத்தின் கிராந்துருக்கோட்டைப் பகுதி, காரணம் திட்டமாக அறியப்படாத சிறுநீரக நோய் மிகுந்த இடங்களில் ஒன்று என்பது யாவரும் அறிந்ததே. 1980களில் மகாவலித் திட்டத்தின் 'சீ' வலயத்தில் காணி கொடுத்துக் குடியேற்றப்பட்ட விவசாயக் குடும்பங்கள் வாழும் இடம் அது. அந்த நோய் ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் காட்டாது. இரத்தத்தில் கிரியாற்றினின் அளவைப் பார்த்தால்தான் தெரியும். தனக்குச் சிறுநீரக நோய் இருப்பதே தெரியாத ஒருவர், முதுகு உழைவுக்கென்று இந்தச் சாற்றை மாதக்கணக்கில் குடிப்பது எவ்வளவு சாதாரணமாக நடக்கக்கூடியது என்று எண்ணிப் பாருங்கள்.

போத்தலில் வருவதை மட்டும் சொல்லிவிட்டு, நம் தோட்டத்தில் காய்ப்பதைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. காமரங்காய் என்ற ஐந்து மூலைப் பழத்தைச் சீனி வியாதிக்கு நல்லதென்று சாறு பிழிந்து குடிக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. அதில் ஒக்சலேற்று என்ற பொருள் மிகுதி. வெறும் வயிற்றில் நிறையச் சாறு குடித்தால் அது சிறுநீரகத்தின் நுண் குழாய்களில் பளிங்காகப் படிந்து அடைத்துவிடும். 2015இல் இலங்கை வைத்தியர்கள் இவ்வாறு சிறுநீரகம் பழுதான இருவரைப் பற்றி எழுதினார்கள். அவர்கள் சொன்னது, இப்பழம் உடனடிப் பாதிப்பையும் தரலாம், நெடுநாள் நோயையும் தரலாம் என்பதாகும். ஏற்கெனவே சிறுநீரக நோய் உள்ளவருக்கு ஒரு பழமே போதும். விடாத விக்கல், மனக்குழப்பம், வலிப்பு என்று போய் உயிரிழந்தோரும் உண்டு. பிரேசில் நாட்டு விஞ்ஞானிகள் இதற்குக் காரணமான நரம்பு நஞ்சை 2013இல் கண்டறிந்து கரம்பொக்ஸின் என்று பெயரிட்டார்கள். பிலிங்காய் காமரங்காயின் உறவுக்காய். கேரளத்தில் கொலஸ்ட்ரோலுக்கு நல்லதென்று அதன் சாற்றைக் குடித்த பத்துப் பேரின் சிறுநீரகம் செயலிழந்ததை அங்குள்ள வைத்தியர்கள் 2013இல் பதிவு செய்தார்கள். ஏழு பேருக்கு இயந்திரத்தில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டியதாயிற்று. மீன் கறிக்கு இரண்டு பிலிங்காய் போடுவதில் பிழையில்லை. கோப்பை கோப்பையாகப் பிழிந்து குடிப்பதுதான் பிழை. காயாக இருக்கையில் உணவு, சாறாகத் திரட்டி அளவின்றிக் குடிக்கையில் வேறு பொருள்.

ஆகவே சிறுநீரக நோய், ஈரல் நோய், சீனி, பிரஷர் என்று கிளினிக் போகிறவர்கள் எந்தச் சாறு குடித்தாலும் அதை வைத்தியரிடம் சொல்லுங்கள். தோட்டத்து ஆஸ்பத்திரியானாலும் பதுளைப் பெரியாஸ்பத்திரியானாலும் அடுத்த கிளினிக் நாளில் அந்தப் போத்தலையே கையில் கொண்டு போய்க் காட்டலாம். திட்டுவார்களோ என்று பயந்து மறைப்பதால் நட்டம் உங்களுக்குத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, சாறு குடிக்கிறோம் என்பதற்காகக் குளிசையை நிறுத்தவேண்டாம். சீனிக் குளிசையை நிறுத்தியதால் கால் புண் முற்றுவது போத்தலில் இருப்பதை விடப் பெரிய ஆபத்து.

பணத்தின் கணக்கு

நற்செய்தியில் பன்னிரண்டு வருடம் உதிரப் பெருக்கினால் வருந்திய பெண்ணை நாம் அறிவோம். அவள் ஆண்டவரின் ஆடையைத் தொட்டதைப் பற்றி எத்தனையோ பிரசங்கங்கள் கேட்டிருக்கிறோம். அதற்கு முன் அவள் தன் கையிலிருந்ததெல்லாம் செலவழித்தும் குணமாகாமல் இருந்தாள் என்பதையும் மாற்கு எழுதியிருக்கிறார். நோய் உடம்பை வருத்துவது ஒரு பக்கம், வீட்டைக் காலியாக்குவது மறுபக்கம்.

தோட்டத்தில் ஒரு பேருக்குக் கிடைக்கும் நாட்சம்பளம் 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024 செப்டம்பரில் 1,350 ரூபாவாகவும் ஆயிற்று, அதற்கு எத்தனை வருடப் போராட்டம்! இன்று உங்கள் கைக்கு வரும் சம்பளத்தை வைத்துக்கொண்டு, ஒரு போத்தலின் விலைக்கு எத்தனை நாள் கொழுந்து எடுக்கவேண்டும் என்று பாருங்கள். மூன்று மாதத்துக்கு எத்தனை போத்தல் என்று கேளுங்கள். அந்தத் தொகையை நட்டஈட்டுப் பணத்திலிருந்து எடுத்தால் வீட்டின் கூரைத் தகட்டில் எத்தனை குறையும் என்றும் பாருங்கள்.

பிறகு இன்னொரு பேச்சு வரும். "நீங்க சும்மா குடிக்க வேணாம் அக்கா. மெம்பராகுங்க. நாலு பேரைச் சேர்த்தா உங்க போத்தல் இனாம்." இந்த நாலு பேர் யார்? இடம்பெயர்ந்த ஒருவருக்குக் கிடைக்கக்கூடிய நாலு பேர் பக்கத்துக் கூடாரத்தில் இருக்கும் தங்கச்சியும் மச்சானும் பெரியம்மாவும்தான். சந்தை என்பது அவ்வளவே. முதலில் சேர்ந்தவர் லாபம் பார்ப்பார், கடைசியில் சேர்ந்தவர் போத்தலை வைத்துக்கொண்டு பார்த்திருப்பார், இருவரும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடிக்கவேண்டும். நாலு பேரும் நாலு நாலு பேரைச் சேர்த்தால் ஐந்தாம் படியில் 1,024 பேர். ஒரு டிவிசனில் அத்தனை பேர் இல்லை.

ஆட்களைச் சேர்ப்பதிலிருந்தே வருமானம் வரும் பிரமிட் திட்டங்கள் இலங்கையில் வங்கிச் சட்டத்தின் 83சீ பிரிவின்படி குற்றமாகும். தடைசெய்யப்பட்ட திட்டங்களின் பெயர்களை மத்திய வங்கி வெளியிட்டு வருகிறது. பொருளை நேரடியாக வீடு வீடாக விற்பது குற்றமல்ல, அந்த வேறுபாட்டையும் சொல்லவேண்டும். எவரிடம் வாங்கினாலும் பற்றுச்சீட்டு கேளுங்கள். நோய் தீரும் என்று சிட்டையில் அச்சிட்டிருந்தால் அந்தச் சிட்டையைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் காட்டுங்கள். 1980ஆம் ஆண்டு உணவுச் சட்டத்தின் கீழ் மக்களை ஏமாற்றும் சிட்டைகளைக் கேள்வி கேட்கும் அதிகாரம் அவருக்கு உண்டு. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம்.

நடலாமா?

புதிய காணித் துண்டு கிடைத்தவர்களிடம் வேறொரு கேள்வி எழுகிறது. சாற்றை வாங்காமல், பழத்தை விற்றால் என்ன? நோனி நட்டால் கொள்வனவு செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு வருபவர்களும் இருக்கிறார்கள். இதற்கு ஆம், இல்லை என்று ஒரே சொல்லில் விடை கூறுவது கடினம்.

நோனி வெப்பத்தை விரும்பும் மரம். ஹவாயில் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 அடி உயரம் வரையே பயிரிடுகிறார்கள். ஆகவே மகியங்கனை, பிபிலை, வெல்லவாயப் பக்கத்தில் நன்றாக வரும். அப்புத்தளை, பண்டாரவளைக் குளிரில் நட்டு ஏமாறவேண்டாம். நட்டு ஒரு வருடமளவில் காய்க்கத் தொடங்கும், வருடம் முழுவதும் காய்க்கும். கல்லு நிலத்திலும் பிழைக்கும். வேர்முடிச்சு வட்டப்புழு அதன் பெரிய எதிரி. கத்தரி, தக்காளி செய்த நிலத்தில் அந்தப் புழு முன்னமே இருக்கக்கூடும்.

மரம் வளர்வது எளிது. வாங்குவதற்கு ஆள் இருப்பதுதான் கடினம். தாஹிட்டித் தீவுகளில் 1996க்குப் பின் ஊரெல்லாம் நோனி பறித்தார்கள். ஆனால் பெரும்பகுதியை வாங்கியது ஒரே ஒரு நிறுவனம். அதன் விற்பனை குறைந்தபோது கிராமங்களில் பழம் மரத்தடியிலேயே அழுகியது. மற்றப் பழம் விலைபோகாவிட்டால் நாமாவது சாப்பிடலாம், பிள்ளைகளுக்குக் கொடுக்கலாம். நோனியை வீட்டில் யார் சாப்பிடுவது? பத்து வருடத்துக்கு வாங்குவோம் என்று வாயால் சொல்பவரிடம், எந்த விலைக்கு, எந்த இடத்தில், எத்தனை நாளுக்குள் பணம் என்று எழுத்தில் கேளுங்கள். கன்றை அவரிடமே விலை கொடுத்து வாங்கவேண்டும் என்று நிபந்தனை போட்டால், அவர் பழ வியாபாரியல்ல, கன்று வியாபாரி.

சத்துக்காகத்தான் பழம் வேண்டும் என்றால் கொய்யாவைப் பாருங்கள். நூறு கிராம் கொய்யாவில் ஏறத்தாழ 200 மில்லி கிராம் விற்றமின் சி இருக்கிறது. அதே அளவு தோடம்பழத்தில் இருப்பது 50 மில்லி கிராமளவுதான். பெரியவர் ஒருவருக்கு நாளாந்தம் தேவையானதோ 45 மில்லி கிராம். நெல்லியிலும் இந்தச் சத்து மிகுதி. நம் பெண்களில் பலருக்கு இருக்கும் இரத்தசோகைக்கும் இது உதவும். கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள இந்த விற்றமின் துணை நிற்கும். சாப்பிட்ட கையோடு குடிக்கும் சாயத் தண்ணீர் அதைத் தடுக்கும். சோற்றுக்குப் பின் ஒரு கொய்யாத் துண்டோ, கீரையில் பிழிந்த எலுமிச்சையோ சேர்த்து, தேநீரை ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தால் போதும், இதற்குப் பணம் செலவில்லை. கிளினிக்கில் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொன்னவர்கள் மட்டும் கொய்யாவையும் கேட்டுத்தான் உண்ணவேண்டும்.

கொய்யாக் கன்றைப் பதியம் வைத்ததாகப் பார்த்து வாங்கினால் விரைவில் காய்க்கும். விவசாயத் திணைக்களத்தின் ஆலோசனை இலக்கம் 1920. ஒக்டோபர் மழை தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்னரே குழி வெட்டி, மேல் மண்ணையும் மக்கிய சாணத்தையும் கலந்து நிரப்பி ஆறவிடவேண்டும். சரிவான காணியென்றால் கன்றுக்கு மேற்பக்கத்தில் ஒரு சிறு தடுப்புக் கானும் வெட்டி வையுங்கள். பிபிலைப் பக்கத்தில் வேலியில் ஏற்கெனவே நுணா நிற்குமானால் அதை வெட்டவேண்டியதில்லை. அது வேலிக்கு நல்ல மரம்.